சண்டிகர் ராக் கார்டன்: அரை மணி நேரத்தில் பார்த்துவிட முடியுமா?

கேள்வி, அக்டோபர் 12, 2024

தீபாவளி விடுமுறைக்கு சிம்லா போகிறோம். வழியில் சண்டிகரில் அரை நாள் கையில் இருக்கிறது. எல்லாரும் ராக் கார்டன் போ என்கிறார்கள். படத்தில் பார்த்தால் உடைந்த டைல்ஸ் ஒட்டிய சிமெண்ட் பொம்மைகளாகத்தான் தெரிகிறது. அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு ஏரிக்குப் போய்விடலாமா? அப்பா அம்மாவும் வருகிறார்கள், இருவருக்கும் எழுபதுக்கு மேல்.

அக்டோபர் 12, இரவு

முடியாது. குறைந்தது இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

மொகாலியில் நான்கு வருஷம் வேலை பார்த்தேன். ராக் கார்டன் அங்கிருந்து பக்கம். பதினோரு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை ஒரு சுற்றுலா வேனில் போனேன். நாற்பது நிமிஷம் கொடுத்தார்கள். சந்து மாதிரி ஒரு பாதை, இரண்டு பக்கமும் கல் சுவர், முன்னால் இருப்பவர் முதுகு, பின்னால் வருபவர் கைப்பை. நடுவில் ஒரு அருவி. அங்கே எல்லாரும் படம் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். வெளியே வந்ததும் "என்ன பார்த்தோம்" என்று யோசித்தால் அருவியைத் தவிர ஒன்றும் நினைவில்லை. உங்களுக்கும் அது நடக்கக் கூடாது.

இதைச் செய்தவர் நேக் சந்த். சிற்பி இல்லை, கட்டடக்கலை படித்தவரும் இல்லை. பொதுப்பணித்துறையில் சாலை ஆய்வாளர். பிறந்த ஊர் பேரியான் கலான், ஷகர்கர் பகுதி. 1947க்குப் பிறகு அது பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. ஊரை விட்டு வந்தவர், புதிதாக எழும்பிக்கொண்டிருந்த சண்டிகரில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நகரத்துக்காக இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்களைக் காலி செய்து இடித்தார்கள். உடைந்த பானை, ஓடு, கழிவறைப் பீங்கான், வளையல் எல்லாம் குவிந்து கிடந்தன. அவர் அவற்றைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுக்குள் சேர்த்தார். ஆற்றுப் படுகைகளிலிருந்து கற்களையும் பொறுக்கி வந்தார். பகலில் அரசாங்க வேலை, இரவில் இது. 18 வருஷம் யாருக்கும் தெரியாமல் 40 ஏக்கரில் ஒரு ராஜ்யத்தை உருவாக்கிவிட்டார்.

அப்பா அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். ஏன் என்று அப்புறம் எழுதுகிறேன்.

அக்டோபர் 13, காலை

வயதானவர்கள் பற்றிக் கேட்டீர்கள், நேற்று அதை விட்டுவிட்டேன். படிகள் உண்டு, ஏற்ற இறக்கம் உண்டு. மழை பெய்திருந்தால் கல் வழுக்கும். வாசல்கள் ரொம்பத் தாழ்வு. நிமிர்ந்து நடக்கிற எவரும் அங்கங்கே குனிந்துதான் போக வேண்டும். நேக் சந்த் வேண்டுமென்றே அப்படி வைத்தார். அது கடவுளர்களும் அரசர்களும் வாழும் ராஜ்யம், அதற்கு சுக்ராணி என்று பெயர்; உள்ளே வருகிறவர் தலை குனிந்து வரட்டும் என்ற எண்ணம். முதுகு வலி இருப்பவர்கள் ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு மெதுவாகக் குனியலாம், பின்னால் நெருக்குகிறவர்களை முன்னால் போகவிடுங்கள். காலை ஒன்பது மணிக்குத் திறந்ததும் போய்விட்டால் கூட்டம் இருக்காது.

செக்டர் 1. ஒரு பக்கம் சுக்னா ஏரி, மறுபக்கம் தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம். ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னால் போதும்.

அக்டோபர் 13, மாலை

மதுரை நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. 40 ஏக்கரை எப்படி ஒளித்துவைக்க முடியும்? ஒரு ஆடு மேய்க்கிறவர்கூடவா அந்தப் பக்கம் வரவில்லை?

அந்த நிலம் கட்டடமே கூடாது என்று ஒதுக்கி வைத்த பசுமைப் பகுதி. பள்ளமும் புதருமான காடு. யாருக்கும் அங்கே வேலை கிடையாது. சாலை வேலைக்கான சாமான்கள் அவர் பொறுப்பில் இருந்ததால், அவர் அந்தப் பக்கம் போனாலும் வந்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு சின்னக் குடிசை போட்டுக்கொண்டார். இரவு வெளிச்சத்துக்குப் பழைய டயரைக் கொளுத்தினார் என்று சொல்வார்கள். டயர் எரியும் நாற்றத்தோடு ஒருத்தர் அத்தனை வருஷம் இரவில் தனியாகக் கல் அடுக்கியிருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

ஆனால் கணக்கில் எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அக்டோபர் 14

திருத்தம். 40 ஏக்கர் என்று எழுதியது தவறு. 1975 வாக்கில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது அது சுமார் 12 ஏக்கர். இன்று நாம் பார்க்கும் 40 ஏக்கர் பிறகு விரிந்தது. 1976இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அவரை வேலையை விட்டு அனுப்பாமல், இதையே முழுநேர வேலையாகக் கொடுத்து, சம்பளமும் 50 தொழிலாளர்களும் தந்தார்கள். சட்டப்படி பார்த்தால் அரசு நிலத்தில் அனுமதியில்லாத கட்டுமானம், இடித்துத் தள்ளியிருக்கலாம். அதை ஒரு அரசாங்கம் சம்பளம் கொடுத்து வளர்த்தது என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

"யாருக்கும் தெரியாமல்" என்பதும் முழுக்கச் சரியில்லை. அதிகாரிகள் காதுக்கு எட்டும் முன்பே ஒருசிலருக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

ஆகவே உள்ளே போகும்போது பாருங்கள்: முதல் பகுதி ஒரே ஆள் தனியாகச் செய்தது. ஆற்றில் உருண்டு வந்த கற்கள், ஆளுயரம் முழங்கால் உயரம் என்று விதவிதமாக நிற்கும். செதுக்கவே இல்லை. ஒன்று முக்காடு போட்ட கிழவி மாதிரி இருக்கும், ஒன்று குனிந்து நிற்கும் மாடு மாதிரி. அவை நிற்கும் வரிசையை மட்டும்தான் அவர் முடிவு செய்தார். எல்லாரும் இந்தப் பகுதியைத்தான் வேகமாகக் கடப்பார்கள். நானும் ஆறாவது தடவைதான் நின்று பார்த்தேன்.

அக்டோபர் 15

அப்பா அம்மாவைக் கூட்டிப் போகச் சொன்னதற்குக் காரணம் இதுதான். கொஞ்சம் நீளமாகும்.

என் அப்பா திருச்சிப் பக்கம் மின்வாரியத்தில் லைன்மேன். 31 வருஷம் கம்பம் ஏறினவர். ஓய்வு பெற்ற பிறகு என்னோடு இருக்க மொகாலி வந்தார். மொழி தெரியாது, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, டிவியும் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராக் கார்டன் கூட்டிப் போனேன். அதற்குள் நான் மூன்று தடவை போயிருந்தேன். அவருக்குப் பிடிக்காது, சீக்கிரம் வந்துவிடலாம் என்ற நினைப்புதான்.

உள்ளே ஒரு சுவர் முழுக்க பீங்கான், மின்கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற வகை. நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். வந்த வழியே போனால் அவர் சுவருக்கு அரையடி தூரத்தில் நின்றுகொண்டிருக்கிறார். கண்புரை ஆபரேஷன் ஆன புதிது, அதனால் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்க்கிறார்.

"டேய், இது ஷாக்கிள். இது பின். இந்தா பாரு, ஃபியூஸ் கட்டையோட அடிப்பக்கம். இந்த முட்டை இருக்கே, இது ஸ்டே கம்பியில மாட்டுறது" என்றார். அவர் வாழ்நாள் முழுக்கக் கையில் பிடித்த சாமான்கள், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், ஒரு சுவரில் வரிசையாக.

அதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் ஏன் கழிக்கப்பட்டது என்று சொல்ல ஆரம்பித்தார். விரலால் ஒன்றைத் தொட்டார். மேல் பூச்சில் பழுப்பாக ஒரு கோடு, அதன் நுனியில் கடுகளவு கருப்பு. "இது இடி இறங்கினது. உள்ளுக்குள்ள வெடிச்சிருக்கும், வெளியில தெரியாது." பக்கத்தில் இன்னொன்று, விளிம்பு பிறை மாதிரி பெயர்ந்திருந்தது. "இது பசங்க. உண்டிவில்லால அடிச்சிருப்பாங்க. எல்லா ஊர்லயும் ஒரே மாதிரிப் பசங்கதான்." மூன்றாவதில் ஒரு குறையும் இல்லை. அதை ரொம்ப நேரம் பார்த்தார். "இதை எதுக்குக் கழிச்சானுங்க? நல்லாத்தானே இருக்கு" என்று வருத்தப்பட்டார், ஏதோ அவருடைய ஸ்டோரிலிருந்து போன சாமான் மாதிரி.

அந்தச் சுவர் முன்னால் மட்டும் முக்கால் மணி நேரம். நான்கு பஞ்சாபிப் பையன்கள் நின்று கேட்டார்கள். அப்பா தமிழில் சொல்ல, நான் எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். மொகாலி வந்து மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அதனால்தான் இதைக் குப்பையில் செய்த பொம்மை என்று யாராவது சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. அங்கே இருக்கும் ஒவ்வொன்றையும் யாரோ ஒருத்தர் தினமும் கையில் எடுத்துப் புழங்கியிருக்கிறார். நமக்கு அது தெரியாது, நம் பெற்றோருக்குத் தெரியும்.

அக்டோபர் 15, இரவு

அந்தச் சுவர் எங்கே என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். பாதை ஒரே வழிதான், தப்பிக்க முடியாது. தார் டிரம் வடிவச் சுவர்களைத் தாண்டிய பிறகு மெதுவாக நடந்து இடது வலது இரண்டையும் பாருங்கள். பீங்கான் ஒரே இடத்தில் இல்லை, பல இடங்களில் வரும்.

அக்டோபர் 19

இதை நாட்டார் கலை என்று ஒரு பதிலில் எழுதியிருந்தேன். தஞ்சாவூர் நண்பர் மறுத்திருக்கிறார். நாட்டார் கலை என்றால் ஒரு சமூகம் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிக் கொடுப்பது. மண்குதிரை செய்யும் வேளாருக்கு அவர் அப்பா, அவருக்கு அவர் அப்பா என்று ஒரு வரிசை உண்டு. நேக் சந்துக்கு அப்படி யாரும் இல்லை, அவர் தனி ஆள், அவரோடு முடிந்தது. இது அவர் வாதம்.

படித்ததும் சரி என்று பட்டது. இரண்டு நாள் யோசித்தேன். பாதிதான் சரி.

செய்முறை அவருடையது, அதற்கு முன்மாதிரி இல்லை. ஆனால் என்ன செய்தார் என்று பாருங்கள். தலையில் குடம் வைத்த பெண்கள். கை தூக்கி ஆடும் ஆண்கள். குரங்குக் கூட்டம், மயில், மாடு, சேவகர்கள், ராஜா, ராணி. ஒரே முகம் நூறு தடவை, சின்னச் சின்ன வித்தியாசத்தோடு, வரிசை வரிசையாக. சின்ன வயதில் அம்மா சொன்ன கதைகளைக் கேட்டு, ஓடைக்கரையில் மண்ணில் பொம்மை பிடித்தவர் அவர். அந்த ஊர் போய்விட்டது. கோடு போட்டு, செக்டர் பிரித்து, கான்கிரீட்டில் கட்டடக்கலைஞர் லெ கார்பூசியே திட்டமிட்ட ஒரு நகரத்துக்குச் சாலை போடும் வேலையில் இருந்துகொண்டு, அதன் ஓரத்திலேயே தன் ஊர்த் திருவிழாக் கூட்டத்தைத் திரும்ப நிறுத்திவைத்தார். கைமாறி வந்த கலை இல்லைதான். கைமாற வேண்டிய ஊரே அறுந்துபோன ஒருத்தர் செய்த கலை.

அக்டோபர் 20

நேற்று எழுதியதில் கடைசி வரி கொஞ்சம் அதிகப்படி. ஊரை இழந்ததால்தான் செய்தார் என்று அடித்துச் சொல்ல நான் யார்? லட்சக்கணக்கானவர்கள் ஊரை இழந்து வந்தார்கள், அத்தனை பேரும் தோட்டம் போடவில்லை. அவருக்குக் கல்லைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான் என்றும் இருக்கலாம். தஞ்சாவூர் நண்பர் "தனி ஆள்" என்பதில் உறுதியாக இருக்கிறார். அந்த அளவில் ஒத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 24

பொம்மைகளை எப்படிச் செய்தார் என்று கேட்ட கோவைத் தங்கைக்கு. நீங்கள் பள்ளியில் கைவேலை சொல்லித் தருவதாகச் சொன்னதால் விவரமாக.

உள்ளே எலும்பு மாதிரி ஒரு கம்பிக்கூடு. அதற்குப் பழைய சைக்கிள் சாமான் நிறையப் பயன்பட்டது. ஃபோர்க் கால் ஆகும், ஃபிரேம் உடம்பு ஆகும், சீட் விலங்கின் தலை ஆகும். அதன் மேல் சிமெண்ட் கலவை. ஈரம் காய்வதற்குள் மேல்தோலாக எதை வேண்டுமோ அதைப் பதிப்பது: கோப்பை உடைசல், ஓட்டுத் துண்டு, பாட்டில் மூடி, கண்ணாடி, இரும்பு உலைக் கசடு. கசடு பதித்த உருவங்களைத் தொட்டுப் பாருங்கள் என்று சொல்ல மாட்டேன், தொடக் கூடாது. ஆனால் கிட்டப் போய்ப் பாருங்கள். கருப்பாக, நுரை உறைந்த மாதிரி, ஓட்டை ஓட்டையாக இருக்கும். கரடிக்கும் குரங்குக்கும் அது ரோமமாகிவிடுகிறது.

வளையல் பதித்த பெண்கள்தான் எனக்கு உயிர். துண்டு வளையல்களைப் படுக்கவைத்து ஒட்டவில்லை. நிமிர்த்தி, ஒன்றையொட்டி ஒன்றாக நெருக்கமாகக் குத்தியிருக்கிறார், கோரைப்பாய் விளிம்பு மாதிரி. அதனால் பக்கத்தில் போனால் கண்ணாடி தெரியாது, கோடு கோடாக நிறம் மட்டும் தெரியும். பச்சை, சிவப்பு, கருநீலம். நாலு மணி வெயில் சாய்வாக விழும்போது கண்ணாடிக்குள் வெளிச்சம் புகுந்து பாவாடை முழுக்க எரிகிற மாதிரி இருக்கும். பத்து நிமிஷத்தில் நிழல் ஏறிவிடும். அந்தப் பத்து நிமிஷத்துக்காகவே இரண்டு தடவை போயிருக்கிறேன்.

காலையில் போகச் சொன்னேனே, இப்போது மாலை என்கிறேனே என்று கேட்பீர்கள். கூட்டம் வேண்டாம் என்றால் காலை. வளையல் வேண்டும் என்றால் மாலை.

பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட சிமெண்ட் வேண்டாம், கை வெந்துவிடும். களிமண் போதும்.

நவம்பர் 2

வளையல் பற்றி எழுதிய பிறகு ஒன்று மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. நாங்கள் மொகாலியைக் காலி செய்து திருச்சிக்குத் திரும்பும் முன் கடைசியாக ஒருமுறை போனோம். வீட்டுக்கு வந்து கை கழுவச் சொன்னால் ஒரு கையை மட்டும் நீட்டுகிறாள். இன்னொரு கையைத் திறந்தால் உள்ளங்கையில் பச்சை வளையல் துண்டு, சுண்டுவிரல் நகம் அளவு. உட்புறம் சிமெண்ட் ஒட்டியிருந்தது. "கீழே கிடந்துச்சுப்பா" என்றாள். கீழே கிடந்ததா, ஆடிக்கொண்டிருந்ததைப் பிடுங்கினாளா என்று தெரியவில்லை. திட்டவும் மனசு வரவில்லை. நேக் சந்தும் கீழே கிடந்ததைத்தானே பொறுக்கினார் என்று அவள் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் காலை வண்டி ஏறும் முன் திரும்பப் போனோம். எங்கே எடுத்தாள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, அத்தனை பெண்களும் ஒரே மாதிரி. ஒரு சுவரோரம் கொத்தனார் ஒருத்தர் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தார். அவரிடம் நீட்டச் சொன்னேன். அவர் வாங்கிப் பார்த்தார், சிரித்தார், பக்கத்தில் இருந்த பெயிண்ட் டப்பாவில் போட்டார். டப்பாவுக்குள் அதேபோல் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பச்சை, சிவப்பு, மஞ்சள். தினமும் பெருக்கும்போது கிடைப்பதைச் சேர்த்து வைப்பார்களாம், திரும்பப் பதிக்க. மகள் அந்த டப்பாவுக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள், இழுத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

1996இல் நேக் சந்த் சொற்பொழிவுக்காக வெளிநாடு போயிருந்த சமயம், நகரம் தோட்டத்துக்கான ஆட்களையும் பணத்தையும் நிறுத்திவிட, உள்ளே புகுந்து சிலைகளை உடைத்திருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்திருப்பார் அல்லவா. அப்போது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. அதையும் சரிசெய்தார்கள். பிள்ளைகளோடு போகிறவர்கள் திரும்பும்போது அவர்கள் கையைத் திறந்து பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

நவம்பர் 9

கேள்வி கேட்டவர் போய்விட்டு வந்துவிட்டார்! மூன்றே கால் மணி நேரம் இருந்தார்களாம். ஏரிக்குப் போகவே இல்லை. மூன்றாம் பகுதியில் பெரிய வளைவுகளுக்குக் கீழே ஊஞ்சல் வரிசை இருக்கும், அதில் அவருடைய அம்மா இருபது நிமிஷம் ஆடினாராம். அந்த ஊஞ்சல் பற்றி நான் எழுதவே மறந்துவிட்டேன். பெரியவர்கள் தயங்காமல் ஆடலாம், கனத்த சங்கிலி.

ஆனால் அவர் எழுதியதில் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. அவருடைய அப்பா முப்பது வருஷம் விருதுநகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவராம். இது முன்பே தெரிந்திருந்தால் நான் இத்தனை நாள் பேசியே இருக்க மாட்டேன், போங்கள் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். ஒரு முற்றத்தில் கால் விரல் பக்கம் சிமெண்ட் பெயர்ந்திருந்த ஒரு உருவத்தை அவர் குனிந்து பார்த்திருக்கிறார். பெயர்ந்த இடத்தில் துரு ஏறிய இரும்பு, நுனியில் ஒரு வெட்டு. "இது முன் ஃபோர்க். ஆக்ஸில் உட்காருற வாய் இது" என்று மகனைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். அதோடு, எந்தப் பக்கம் அடிபட்டு ஃபோர்க் வளைந்தது என்றும் சொல்லியிருக்கிறார்: கால் உள்பக்கமாகக் கொஞ்சம் வளைந்திருக்கிறதாம், பள்ளத்தில் விட்ட வண்டியாம். அந்த வளைவினால்தான் அந்த உருவம் நடனத்தில் ஒரு அடி எடுத்து வைக்கிற மாதிரி நிற்கிறது.

பதினோரு தடவை. அந்தக் காலை நான் பார்த்ததே இல்லை. ஃபோர்க் கால் ஆகும் என்று அக்டோபர் 24இல் எழுதினேனே, அது படித்துத் தெரிந்துகொண்டது. அவர் கண்ணால் பார்த்துவிட்டார்.

நவம்பர் 10

இதே மாதிரி வேறு யாரும் செய்திருக்கிறார்களா என்று ஒரு கேள்வி. உண்டு. பிரான்சில் ஓத்ரீவ் என்ற ஊரில் ஃபெர்தினான் ஷெவால் என்ற தபால்காரர். 1879இல் தபால் கொடுக்க நடந்து போகும்போது ஒரு கல் தடுக்கியது. அதில் தொடங்கி 33 வருஷம் வழியில் கிடைத்த கற்களைத் தள்ளுவண்டியில் சேர்த்து ஒரு மாளிகை கட்டினார். லாஸ் ஏஞ்சல்ஸில் வாட்ஸ் கோபுரங்கள். சைமன் ரோடியா, இத்தாலியிலிருந்து போன கூலித் தொழிலாளி. அவரும் 33 வருஷம், 1921 முதல் 1954 வரை. பற்றவைப்பு இல்லை, போல்ட் இல்லை, கம்பியைச் சுற்றிக் கட்டிச் சிமெண்ட் பூசி, பாட்டில் கண்ணாடியும் சிப்பியும் பதித்தது. உயரமான கோபுரம் கிட்டத்தட்ட நூறு அடி. ஆபத்து, இடிக்க வேண்டும் என்று நகராட்சி சொன்னபோது 1959இல் பாரம் கொடுத்து இழுத்துச் சோதித்தார்கள். கோபுரம் விழவில்லை, இழுத்த கருவிதான் தளர்ந்தது.

இரண்டும் நான் நேரில் பார்க்காதவை, அதனால் இதற்கு மேல் எழுத மாட்டேன். ஒருத்தர் தபால்காரர், ஒருத்தர் கூலி, ஒருத்தர் சாலை ஆய்வாளர். மூவரும் வழியில் கிடந்ததைப் பொறுக்கியவர்கள்.

மார்ச் 12, 2025

இழை பழையதாகிவிட்டது, ஆனால் இதை இங்கேதான் எழுத வேண்டும். உயர் நீதிமன்றத்துக்குப் போகும் சாலையை அகலப்படுத்தவும் வண்டி நிறுத்த இடத்துக்கும் ராக் கார்டன் சுவரின் ஒரு பகுதியை இந்த மாதம் இடித்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கூடி எதிர்த்தும் நிற்கவில்லை. 1990இல் புல்டோசர் வந்தபோது ஜனங்கள் கைகோத்து நின்று தடுத்த இடம் அது. நேக் சந்த் 2015 ஜூன் 12 அன்று காலமானார், அவர் இதைப் பார்க்கவில்லை.

வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது, அந்தச் சாலையில் நானும் நெரிசலில் நின்றிருக்கிறேன். இருந்தாலும் அப்பாவிடம் செய்தியைச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "பீங்கான் சுவரா?" இல்லை, வெளிச்சுவர் என்றேன். "விசாரிச்சுச் சொல்லு" என்றார்.

மார்ச் 15

சண்டிகரில் இருக்கும் பழைய நண்பரைக் கூப்பிட்டு, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். பீங்கான் பத்திரம். வீடியோ அழைப்பில் காட்டினார். அப்பா அவரைச் சுவருக்குக் கிட்டப் போகச் சொல்லி, இடி இறங்கியதைக் கண்டுபிடித்துவிட்டார், அந்தக் கருப்புப் புள்ளி அப்படியே இருக்கிறது.

விருதுநகர் நண்பருக்கு: உங்கள் அப்பா பார்த்த அந்த ஃபோர்க் எந்த முற்றம், வரிசையில் எத்தனையாவது என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். நவம்பரில் மகளுக்கு லீவு விடும்போது போகிறோம், டில்லி வரை டிக்கெட்டுக்கு இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா பூதக்கண்ணாடி வேண்டும் என்கிறார், நாளைக்கு வாங்க வேண்டும்.